பத்த வைக்கத் தெரியுமா உங்களுக்கு?

தமிழில் 'பத்த வைப்பது' என்றால் மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, அடுப்பைப் பத்த வைப்பது. இதற்கு லைட்டர் வந்துவிட்டது. இரண்டு, ஒற்றுமையாக இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் பத்த வைப்பது. இதற்கு உறவினர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, ஒயரையும் பிளக்கையும் ஈயம் உருக்கிப் பத்த வைப்பது. இதற்குத்தான் ஆள் பஞ்சம். ஒயர் போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிற காலம். 'ஸால்டரிங்' என்று சொன்னால், "அது என்ன ஆப் அங்கிள்?" என்று கேட்கிறார்கள் பிள்ளைகள்.

நான் பாங்க்கில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். காலேஜ் படிக்கும்போது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டி, சிலோன் ஸ்டேஷன் கேட்டதிலிருந்து பிடித்த வியாதி இது. வீட்டில் டி.வி.யிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள், ஸ்பீக்கரிலிருந்து அடுத்த ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் எல்லாம் நானே பண்ணியதுதான். என் மனைவி இதைப் பெருமையாகச் சொல்வாள் என்று நினைக்காதீர்கள். "மத்த ஆம்பளைங்க ரிடையர் ஆனா கோயில், குளம்னு போவாங்க. இவரு ரிச்சி தெருவுக்குப் போறாரு" என்பாள்.

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மவுண்ட் ரோடை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிற ஒரு சந்து. எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு அதுதான் கொத்தவால் சாவடி. கறிவேப்பிலை, கொத்தமல்லி மாதிரி பிளக், சாக்கெட், கெப்பாஸிட்டர் எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு மீட்டர் ஷீல்டு ஒயர் கேட்டால் ஜவுளிக்கடை மாதிரி கையால் அளந்து வெட்டித் தருவார்கள்.

அங்கே சாதா கேபிளும் இருக்கும். தங்க முலாம் போட்ட பிளக், பாம்பு தடிமனுக்குப் பின்னல் சட்டை, மேலே வெல்வெட் டப்பா என்று கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்த கேபிளும் இருக்கும். "இதப் போட்டா ஸவுண்டே வேற ஸார்!" என்பார் கடைக்காரர். விலையைக் கேட்டால் நம் ஸவுண்டு வேறாகிவிடும்.

உண்மை என்ன? தாமிரத்தைவிட வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்தும்தான். எவ்வளவு நன்றாக? சுமார் 6 சதவிகிதம். ஒன்றரை மீட்டர் ஒயரில் அந்த 6 சதவிகிதத்தைக் காதால் கண்டுபிடிப்பவர், பாயசத்தில் எத்தனை முந்திரி என்று ஸ்பூன் போடாமலே சொல்லிவிடுவார். 2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்கிற முன்னாள் மேஜிக் நிபுணர், ஏழாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்திருந்த ஒரு ஸ்பீக்கர் கேபிளுக்கும் சாதா கேபிளுக்கும் வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு காதால் மட்டும் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று சவால் விட்டார். பரிசை ஒருவரும் வாங்கவில்லை.

அதற்காக எல்லா ஒயரும் ஒன்று என்று அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். உள்ளே இருக்கிற கம்பியைச் சுற்றி நெருக்கமான வலைப் பின்னல், அதாவது ஷீல்டு, இருக்கிறதா? நீளம் தேவைக்கு மேல் போகாமல் இருக்கிறதா? பத்த வைத்த இடம் உறுதியாக இருக்கிறதா? முதல் இரண்டையும் கடையில் பார்த்து வாங்கலாம். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது. பிளக்கின் மூடிக்குள் ஒளிந்திருக்கும். கேபிள் சாவதெல்லாம் பெரும்பாலும் அந்த மூடிக்குள்தான். அதனால்தான் சொந்தக் கையால் பண்ணுகிறவனுக்கு ராத்திரி தூக்கம் வருகிறது.

சரி, இதெல்லாம் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு இல்லாமல் ஒரு கேபிள் பண்ணினேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஃப்ளாட்ஸில் இரண்டாவது மாடியில் பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். வயது 74. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஹாலில் ஜமக்காளம் விரித்து எத்தனையோ பெண்களுக்கு ஸரளி வரிசையிலிருந்து பல்லவி வரை சொல்லிக் கொடுத்தவர். 2003-ல் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரலுக்கு உயிர் கொடுக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டினாற்போலத்தான் ஓடுகிறது. அதில் பாதிப்பு ஏற்படுவது உலகம் முழுக்கத் தெரிந்த ஆபத்து. முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்தும் வாங்குவார்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டார். உயிர் தங்கியது. குரல் தங்கவில்லை. அன்றிலிருந்து அவர் பேசுவது, பக்கத்து அறையில் யாரோ பேப்பர் புரட்டுவது மாதிரிதான் கேட்கும்.

ஆனால் வகுப்பை அவர் நிறுத்தவில்லை. எப்படித் தெரியுமா? ஆபரேஷனுக்கு முன்னால், 1984-லிருந்து 1996 வரை, தன் வகுப்புகளைக் கேஸட்டில் பதிவு பண்ணி வைத்திருந்தார். ஊருக்குப் போகிற பெண்கள் கேட்டுப் பழகட்டும் என்பதற்காக ஆரம்பித்த வழக்கம். மொத்தம் 41 கேஸட். வெளிநாட்டுக்குக் கல்யாணமாகிப் போன பெண்களுக்காகப் பாடி வைத்தது, இப்போது டீச்சருக்கே உதவியது. டேப்பைப் போடுவார். 1988-ம் வருஷத்து டீச்சர் பாடுவார். இந்த வருஷத்து டீச்சர் எதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தப்பு வந்தால் புருவத்தை உயர்த்துவார். அந்தப் புருவத்துக்கு இருக்கிற மரியாதை பல பேருடைய மைக்குக்குக் கிடையாது.

போன வருஷம் அந்த டேப் ரெக்கார்டர் படுத்துவிட்டது.

அது அவருடைய அண்ணா 1979-ல் மேற்கு ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ ரேடியோ-டேப் ரெக்கார்டர். மெக்கானிக் வந்து பார்த்தார். பெல்ட்டை மாற்றினார். மோட்டார் ஓடியது. ஆனால் ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கிற ஐ.ஸி. எரிந்துவிட்டிருந்தது. "இந்த ஐ.ஸி. இப்ப வர்றதில்லம்மா. பாடிய எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் மாடிப்படி இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸோஃபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, ஒயர் வேலை தெரியும்னு உங்க வீட்டுல சொன்னாங்க..." என்றார். அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. எழும்பாததற்கு நரம்பு மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றியது.

"வேறு டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டால் போச்சு, இதற்கு என்ன இத்தனை அமர்க்களம்?" என்று நீங்கள் கேட்கலாம். டீச்சரின் மாணவி ஒருத்தி, ஏழாம் வகுப்புப் படிக்கிறவள், அவளுடைய அப்பா அதைத்தான் செய்தார். கேஸட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் ஒரு சின்னக் கருவியை வாங்கி வந்தார். கேஸட் பாடியது. டீச்சர் பத்து விநாடி கேட்டார். காதைப் பொத்திக்கொண்டார்.

காரணம் இரண்டு. ஒரு மெஷினில் பதிவான கேஸட், அதே மெஷினில்தான் முழுசாகப் பாடும். டேப்பைத் தொடுகிற 'ஹெட்' ஒவ்வொரு மெஷினிலும் ஒரு இம்மி கோணம் மாறி உட்கார்ந்திருக்கும். கோணம் மாறினால் கூர்மையான ஒலிகள் மங்கிப் போகும். கம்பளியை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். இரண்டாவது காரணம்தான் பெரிசு: வேகம். கேஸட் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 6 சதவிகிதம் மெதுவாக ஓடினால் அரைக் கட்டை சுருதி இறங்கிவிடும். டீச்சருக்கு ஐந்து கட்டை. அந்தக் கருவியில் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. கமகம் எது, மோட்டாரின் நடுக்கம் எது என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தப்பான சுருதியில் தன் குரலே பாடம் சொல்வதைவிட, பாடமே இல்லாமல் இருக்கலாம் என்பது டீச்சரின் கட்சி.

ஆகவே பழைய மெஷின்தான் வேண்டும். அதன் தொண்டை போய்விட்டது, ஆனால் மூளை இருக்கிறது. (எஜமானி மாதிரியே.) டேப்பைப் படித்து, பெரிதாக்குவதற்கு முன் இருக்கிற சங்கீதத்தை, பின்பக்கம் ஒரு வட்டமான சாக்கெட்டில் அது கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஐந்து ஓட்டை உள்ள சாக்கெட். பெயர் 'டின்'. தகர டின் இல்லை. ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்துடைய பெயரின் சுருக்கம். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இந்த சாக்கெட் இல்லாத ரேடியோ கிடையாது. அப்புறம் ஆர்.ஸி.ஏ. பிளக் வந்து உலகத்தைப் பிடித்துக்கொண்டது. (ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்பதுதான் ஆர்.ஸி.ஏ. அந்தக் கம்பெனி 1986-ல் கை மாறிவிட்டது. பிளக் இன்னும் உயிரோடிருக்கிறது!)

தேவை: ஒரு பக்கம் ஐந்து முள் டின் பிளக், இன்னொரு பக்கம் இரண்டு ஆர்.ஸி.ஏ. பிளக். அங்கிருந்து ஒரு சின்ன யு.எஸ்.பி. பெட்டி வழியாக லாப்டாப்புக்கு.

மறுபடியும் மாணவியின் அப்பா முந்திக்கொண்டார். கீபோர்டு விற்கும் கடையில் கேட்டு, 'மிடி' கேபிள் ஒன்று வாங்கி வந்துவிட்டார். அதுவும் ஐந்து முள் டின் பிளக்தான். மறுமுனையை வெட்டி இரண்டு ஆர்.ஸி.ஏ. பிளக்கும் யாரையோ பிடித்துப் போட்டு வந்திருந்தார். சாக்கெட்டில் பொருத்தினால் கன கச்சிதம். மெஷினை ஓட விட்டோம். 1988-ம் வருஷத்து மாணவிகள் எல்லோரும் கணீரென்று பாடினார்கள். டீச்சரை மட்டும் காணோம்! எங்கேயோ நாலு தெரு தள்ளி ஈனஸ்வரத்தில் கேட்டார்.

இதன் மர்மம் சுவாரஸ்யமானது. டீச்சர் இரண்டு மைக் வைத்துப் பதிவு பண்ணுவாராம். இடது மைக் அவருக்கு, வலது மைக் மாணவிகளுக்கு. டின் சாக்கெட்டில் இடது பக்கச் சங்கீதம் 3-ம் நம்பர் முள்ளிலும், வலது பக்கச் சங்கீதம் 5-ம் நம்பர் முள்ளிலும் வரும். 2-ம் நம்பர் இரண்டுக்கும் பொதுவான எர்த். மிடிக்குத் தேவை 4, 5, 2 மட்டும்தான். அதனால் அந்தக் கேபிளில் 1-க்கும் 3-க்கும் முள் இருக்கிறதே தவிர, உள்ளே ஒயரே கிடையாது. பல்செட் மாதிரி சும்மா அழகுக்கு. டீச்சரின் குரல் 3-ம் நம்பர் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. திறக்கத்தான் ஆளில்லை.

"அப்ப நான் அங்கதான் இருக்கேனா?" என்றார் டீச்சர்.

"இருக்கீங்க டீச்சர். வழி போட்டா வந்துடுவீங்க" என்றேன்.

அடுத்த நாள் ரிச்சி தெரு. டின் பிளக் என்றதும் முதல் மூன்று கடைக்காரர்கள் மியூஸியத்துக்கு வழி சொன்னார்கள். நாலாவது கடைப் பெரியவர் மாடிக்குப் போய்த் தூசி தட்டி இரண்டு கொண்டுவந்தார். கூடவே இரட்டை ஷீல்டு ஒயர் ஒன்றரை மீட்டர், வெள்ளை ஆர்.ஸி.ஏ. ஒன்று, சிவப்பு ஒன்று. வெல்வெட் டப்பா கேபிளின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

டின் பிளக்கை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முள்கள் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்காது. ஒரு ஓரத்திலிருந்து எண்ணினால் 1, 4, 2, 5, 3 என்று போகும். முதலில் மூன்று முள் பிளக்தான் இருந்தது. அப்புறம் ஸ்டீரியோ வந்ததும், பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற ஸீட்டில் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று நடுவில் இரண்டு பேர் நுழைகிற மாதிரி 4-ம் 5-ம் நுழைந்துவிட்டன. பழைய ஆட்கள் தங்கள் நம்பரை விட்டுக்கொடுக்கவில்லை. பிளக்கின் உள்ளே பொடி எழுத்தில் நம்பர் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பது உத்தமம்.

இனி ஈயம். உங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஈயச் சொம்பு இருக்கிறதா? ரஸம் வைக்கிற அந்தச் சொம்பு ஈயமே இல்லை, வெள்ளீயம். ரஸம் உள்ளே இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு காணாமல் போய்விடும், ஏனென்றால் வெள்ளீயம் 232 டிகிரி செல்ஸியஸில் உருகிவிடும். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். இரண்டையும் 63-க்கு 37 என்கிற விகிதத்தில் கலந்தால்? 183 டிகிரியிலேயே உருகுகிறது! தனித்தனியாக இருந்தபோது பிடிவாதம் பிடித்த இரண்டு பேர், சேர்ந்தவுடன் இளகிவிடுகிறார்கள். கல்யாணத்தில் இது எப்போதாவது நடக்கிறது. ஸால்டரிங்கில் எப்போதும் நடக்கிறது. அந்தக் கலவைதான் ஸால்டர் கம்பி. கம்பியின் நடுவே குங்கிலியம் மாதிரி ஒரு பிசின் இருக்கும். அது உருகி, தாமிரத்தின் மேலிருக்கும் களிம்பை ஓட்டிவிட்டு ஈயத்துக்கு வழி விடும்.

காரீயம் விஷம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நடுவில் முறுக்கு கடிக்கக் கூடாது. பிசின் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஜன்னலைத் திறக்கலாமே தவிர ஃபேன் போடக் கூடாது. காற்று பட்டால் பத்த வைக்கிற இடம் சூடேறாது. சென்னையில், மே மாதத்தில், ஃபேன் இல்லாமல், கையில் முந்நூறு டிகிரிக் கம்பியோடு உட்காருவதற்குப் பெயர்தான் தவம். "சாம்பிராணி வாசனையா வருது, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று பக்கத்து ஃப்ளாட்டில் கேட்டார்கள்.

ஏழாம் வகுப்புப் பெண் உதவிக்கு வந்தாள். கண்ணுக்கு அப்பாவின் மூக்குக் கண்ணாடி. சூடான கம்பியைத் தொடக் கூடாது, தூர நின்று சாமான் எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம்.

முதல் விதி: பிளக்கின் மூடியை ஒயரில் கோர்த்துவிட்டுத்தான் பத்த வைக்க ஆரம்பிக்க வேண்டும். பத்த வைத்து முடித்து, ஊதி, ரசித்து, அப்புறம் திரும்பிப் பார்த்தால் மூடி மேஜை மேல் சிரித்துக்கொண்டிருக்கும் என்பது இந்தத் தொழிலின் நிரந்தர நகைச்சுவை. அந்தப் பெண்ணிடம் இதற்கென்றே ஓர் உத்தியோகம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நான் அயர்னைத் தூக்கும்போது, "மூடி?" என்று கேட்பாள். "இருக்கு" என்பேன். கோர்ட்டில் டவாலி மாதிரி நன்றாகச் செய்தாள்.

இரண்டாவது விதி: ஈயத்தை அயர்னில் உருக்கி ஒயர் மேல் சொட்டக் கூடாது. பத்த வைக்க வேண்டிய இடத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருக வேண்டும். இரண்டு, மூன்று விநாடி. அதற்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகிவிடும். டின் பிளக்கில் இது பெரிய தொல்லை. முள்ளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, முள் கோணிக்கொள்ளும். இதற்கு ஒரு யுக்தி, பிளக்கை ஒரு காலி சாக்கெட்டில் செருகிக்கொண்டு பத்த வைப்பது. பிளாஸ்டிக் இளகினாலும் முள் நகராது. சாக்கெட் ஆடாமல் பிடிக்க, என் மனைவியின் துணி கிளிப்புகள் நான்கு. (இன்னும் திருப்பித் தரவில்லை என்று இப்போதும் சொல்கிறாள்.)

எவ்வளவு ஈயம்? 'ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்' என்பார்களே, அந்த அளவு. உள்ளே கம்பி இழைகள் லேசாகத் தெரிய வேண்டும், மேலே பளபளவென்று இருக்க வேண்டும். மங்கலாகச் சொரசொரப்பாக இருந்தால் அந்த இணைப்பு வெளியே உறவு, உள்ளே பகை. ஒருநாள் கழன்றுகொள்ளும்.

மூன்றிலிருந்து வெள்ளை பிளக்கின் நடு முள்ளுக்கு. ஐந்திலிருந்து சிவப்புக்கு. இரண்டு ஷீல்டும் சேர்ந்து இரண்டாம் நம்பருக்கு. ஒன்றும் நாலும் ஓய்வு. மல்ட்டிமீட்டரில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். 'பீப்' என்று கத்த வேண்டிய இடத்தில் கத்தியது. கத்தக் கூடாத இடத்தில் மௌனம். ஒயரை ஆட்டி, வளைத்து மறுபடி பார்த்தாயிற்று. மூடியைத் திருகியாயிற்று.

சாயங்காலம் டீச்சர் வீட்டு ஹாலில் கூட்டம். என் மனைவி, மாணவி, அவள் அப்பா, கீழ் வீட்டு வாட்ச்மேன். கேபிளைச் செருகினேன். டேப்பைப் போடவில்லை. ஸ்பீக்கரில் 'உய்ய்ங்ங்' என்று ஒரு ரீங்காரம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் கண்ணை மூடி அந்த ரீங்காரத்தைக் கேட்டார். "என் ஸட்ஜத்தோட சேர்ற மாதிரி இருக்கு. ஆனா கொஞ்சம் தூக்கல்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் கரண்ட் விநாடிக்கு 50 தடவை அலைகிறது. ஐந்து கட்டை ஸட்ஜத்துக்கு 196 அலை. அதை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 49. ஐம்பதுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மீட்டரும் இல்லாமல் சொல்கிறார்! ஏழாயிரம் டாலர் கேபிள்காரர்கள் இவரைப் பார்த்ததில்லை.

லாப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். ரீங்காரம் நின்றது. சார்ஜரிலிருந்து கசியும் துளிக் கரண்ட், கேபிளின் ஷீல்டு வழியாக டேப் ரெக்கார்டருக்குப் போய்க்கொண்டிருந்ததுதான் விஷயம். பதிவு பண்ணும்போது லாப்டாப்பை பாட்டரியில் ஓட்டினால் போதும்.

வேகத்தையும் சரிபார்த்தோம். மெக்கானிக்கைத் திரும்ப அழைத்து, மோட்டாரின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விடச் சொன்னோம். டேப்பில் பழைய தம்புரா. எதிரே எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. டீச்சர் விரலை உயர்த்தினார்... இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து! மெக்கானிக் வியர்த்துப் போனார். "எங்க குருநாதர் கூட இப்படி வேலை வாங்கினதில்ல ஸார்" என்றார்.

பிறகு 'ப்ளே' பட்டனை அழுத்தினேன்.

ஸ்பீக்கரின் இடது பக்கத்திலிருந்து, 'ம்... சேந்து பாடுங்கோ' என்று ஒரு குரல். நடு வயது. கம்பீரம். பிறகு வர்ணம். அந்த ஹாலில் இருந்தவர்களில் என்னைப் போன்ற பலர் டீச்சரின் குரலை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறோம். ஏழாம் வகுப்புப் பெண் ஸ்பீக்கரையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாட்ச்மேன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

டீச்சர் அழுவார் என்று என் மனைவி கைக்குட்டையோடு தயாராக இருந்தாள். அவர் அழவில்லை. முன்னால் குனிந்து கேட்டார். அனுபல்லவியில் ஓர் இடம் வந்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"இந்த எடத்துல அவ கொஞ்சம் அவசரப்படறா" என்றார், தன்னையே!

41 கேஸட்டில் 38 தேறின. இரண்டில் பூஞ்சைக் காளான். ஒன்று பாதியில் அறுந்திருந்தது. நிமிஷத்துக்குச் சுமார் 10 மெகாபைட் கணக்கில் ஒவ்வொன்றாக ஏற்ற இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை டீச்சர் வீட்டிலும் ஒன்றை என் வீட்டிலும் வைத்திருக்கிறோம். வெளிநாட்டுப் பெண்களுக்கும் போய்விட்டது. டேப்பைத் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டியதில்லை என்பதால் வகுப்பு முன்னைவிட நன்றாக நடக்கிறது. வேண்டிய சங்கதியைப் பத்துத் தடவை போட்டுக் காட்டலாம். புருவம் மட்டும் பழைய புருவம்தான்.

இந்தச் செய்தி பரவியதில் ஒரு சின்ன விபரீதம். ஃப்ளாட்ஸில் அறுந்துபோன ஹெட்ஃபோன், கத்தாத காலிங் பெல், பிள்ளையார் கோயில் மைக் ஒயர் எல்லாம் என் வீட்டு வாசலில் க்யூ நிற்கின்றன. கூலி, ஒரு டம்ளர் காப்பி. என் மனைவியின் காப்பிப் பொடிச் செலவு மிச்சம்.

டீச்சர் மட்டும் காப்பியோடு விட மறுத்துவிட்டார். பணம் வாங்க மாட்டேன் என்றதும் யோசித்து, தன் பேப்பர் குரலில், "சரி தம்பி. பதிலுக்கு நான் உங்களுக்குப் பாட்டு சொல்லித் தரேன். வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு" என்றார்.

நான் சம்மதமாகத் தலையாட்டுவதற்குள் என் மனைவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர்... அவர் ஸால்டரிங்கே பண்ணட்டும்!"